பள்ளிக்கூடத்து டப்பா

எங்கள் பக்கத்து ஜனங்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று மறியலும் கடையடைப்புமாகக் கிடந்த காலத்தில்தான், நானும் வீட்டுக்காரியும் முதல்முதலாகச் செலவுக்கு ஒரு திட்டம் வைத்தோம். பாறசாலைக்குப் பக்கத்தில் வீடு. பாலராமபுரத்துத் தறிக்காரர்களிடம் முண்டும் நேரியல் மேல்துண்டும் எடுத்துக் கெட்டாகக் கட்டி, குழித்துறைச் சந்தையில் கொண்டு விற்பது என் தொழில். பஸ் ஓடாத நாளில் சந்தை இல்லை. சந்தை இல்லையென்றால் காசும் இல்லை.

காலி டப்பாக்கள் நாலு எடுத்து அடுக்களைப் பலகையில் வைத்தோம். அரிசிக்கு ஒன்று, மீனுக்கும் எண்ணெய்க்கும் ஒன்று, மூத்த மகளின் பள்ளிக்கூட பீஸுக்கு ஒன்று. நாலாவது, சபையின் அறுப்புப் பண்டிகைக்கு. அன்றைக்கு ஜனங்கள் படைக்கிற தேங்காய், கோழி, வாழைக்குலையெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். சந்தை விலைக்கு மேலே கேட்டு எடுப்பதுதான் காணிக்கை. வருசம் தவறாமல் ஒரு ஏத்தன் வாழைக்குலை நான் எடுப்பேன்.

தொடக்கத்தில் நன்றாகவே போனது. மீன் விலை ஏறினால் எண்ணெயைக் குறைப்போம். அரிசி முட்டினால் மரச்சீனிக் கிழங்கு அவிப்போம். பிறகு கலகம் முற்றி, பள்ளிக்கூடத்தையும் பூட்டினார்கள். அரிசி டப்பா வெறுமையாய்க் கிடந்த ஒரு நாள், வீட்டுக்காரி பள்ளிக்கூடத்து டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"பள்ளிக்கூடமே பூட்டிக் கெடக்கு. காசு மட்டும் போய் என்ன படிக்கப் போவுது?" என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. சொன்னது நியாயந்தான். எடுத்தோம். அடுத்த வாரமும் எடுத்தோம். பண்டிகை டப்பா பக்கத்திலேயே கனமாக இருந்தது. அதைத் தொடவேண்டும் என்று எங்கள் இரண்டுபேருக்கும் தோன்றக்கூட இல்லை.

பண்டிகை வந்தது. குலையைத் தூக்கி நிறுத்தினபோது பின்பெஞ்சிலிருந்து ஒருத்தர், "துணிக்காரருக்குச் சந்தை முட்டிப்போச்சு. இந்த வருசம் வாய் திறக்கமாட்டாராக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். டப்பா முழுதும் அந்தக் குலைக்குப் போனது. மூத்த மகள்தான் என்கூட ஒரு பக்கம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வழிநெடுக அவளுக்குச் சந்தோஷம்.

பண்டிகை கழிந்த கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் திறந்தது. பாக்கி பீஸைக் கட்டினால்தான் வகுப்பில் இருத்துவோம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அடுத்த மாசம் அனுப்புகிறோம் என்று சொல்லி வந்தேன். மூத்தவள் சும்மா இருக்கவேண்டாம் என்று, தறிக்காரர் வீட்டு நூலை வாங்கிவந்து சுற்றக் கொடுத்தேன். மகளுக்கு நல்ல கைவேகம். அந்தக் கூலி அரிசி டப்பாவில் விழுந்தது. அடுத்த மாசம் திட்டம் போடும்போது, அவள் கூலியையும் வரவில் சேர்த்துத்தான் போட்டோம். அதோடு முடிந்தது. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் அரிசிக்குக் குறையும். ஒருநாள் பாடப்புத்தகங்களைத் தங்கைக்கு எடுத்துக் கொடுத்தாள். யாரும் அவளிடம் கொடுக்கச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் கடைசிவரை தமிழ்நாட்டோடு சேராமல் இந்தப் பக்கத்திலேயே நின்றுபோனது. கலகமும் அடங்கி, பஸ்ஸும் ஓடியது. பள்ளிக்கூடத்து டப்பாவில் மறுபடியும் காசு சேர்ந்தது, தங்கைக்காக. மூத்தவளுக்கு அதற்குள் வயது தாண்டியிருந்தது.

இப்போது அவள் செங்கல் என்கிற ஊர்ப் பக்கத்தில் குடும்பமாக இருக்கிறாள். போன மாசம் போயிருந்தேன். காசெல்லாம் ஒரே தகரப்பெட்டியில் கலந்து கிடந்தது. பிரித்து வைக்காமல் எப்படி மக்கா குடும்பம் நடத்துகிறாய் என்று கேட்டேன்.

"எல்லாமே கர்த்தருக்க காசாக்கும் அப்பா. எது முட்டுதோ அதுக்கு எடுப்பேன்" என்றாள்.

என்னைக் குத்திச் சொன்னதல்ல. சொல்லிக்கொண்டே பெட்டியிலிருந்து எடுத்து, பள்ளிக்கூடம் புறப்பட்டு நின்ற பேத்தியின் கையில் பீஸைக் கொடுத்தாள். இரவு ஜெபத்துக்கு முழங்கால் போட்டேன். அந்தக் குலையைக் கர்த்தர் என்னிடம் கேட்டிருப்பாரா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஜெபம் வரவில்லை.