புறங்கையால் தொட்ட மைக்

இந்த ஊரில் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காரணம் என் வலது புறங்கை. டென்மார்க்கின் இந்தச் சின்ன ஊருக்கு நான் வந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. பகலில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை, வாரத்தில் இரண்டு மாலைகள் உள்ளூர் இசைக்குழு ஒன்றில் பேஸ் கிற்றார். பயிற்சியோ மேடையோ, எங்கள் பாடகி மெட்டே மைக்குக்குக் கிட்டப் போகுமுன் நான் போய் அதன் இரும்பு வலையைப் புறங்கையால் ஒருமுறை தொடுவேன். தொட்டுவிட்டுத் தலையை ஆட்டுவேன். பிறகுதான் அவள் பாடலாம். சேர்ந்த புதிதில் ஒருநாள், "இது உங்கள் ஊர் ரிட்டுவாலா?" என்று கேட்டாள். ரிட்டுவால் என்றால் சடங்கு. கரண்டையும் ஈர மண்ணையும் விளக்குகிற அளவுக்கு அப்போது எனக்கு டேனிஷ் வராது. ஓமென்று தலையாட்டிவிட்டேன். அது வளர்ந்து, இப்போது ஒவ்வொரு மேடையிலும் அவளே அறிவிக்கிறாள்: "முதலில் எங்கள் பேஸ்காரர் மைக்கை ஆசீர்வதிப்பார்." சனம் கைதட்டும். எங்கள் ஊர் உரும்பிராயில் சுண்டலுக்கும் மோதகத்துக்கும் மட்டுமே கோயிலடிக்குப் போன ஆள் நான்.

எதையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது யாழ்ப்பாணத்து மேடைகளில் எனக்குப் பழகிய வேலை. கோயில் வீதியில் செருப்புப் போட முடியாது. புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். வெறுங்காலோடு ஈரத்தில் நின்று, கரண்ட் கசியும் மைக்கை ஒருவன் பிடித்தால் விரல்கள் தாமாக இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விடமுடியாது. புறங்கையால் தொட்டால் கை சுருங்குவது நம் பக்கமாகத்தான், மைக்கை விட்டு விலகிவிடும். மின்சாரம் படித்தவர்கள் இதைக் கேட்டால் ஏசுவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் இசைக் கோஷ்டியில் அதுதான் முறை. பேஸ்காரன்தான் முதலில் வருவான், அவனுடைய பெட்டிதான் பாரம் கூடியது, அதைத்தான் முதலில் கரண்டில் கொளுவுவார்கள். ஆகவே மைக்குகளைத் தொட்டுப் பார்க்கும் பொறுப்பும் அவனுடையது. நாலே நரம்புள்ள பேஸ் கிற்றாரைப் பார்த்து, "ஏன் தம்பி, ஆறு நரம்பு வாங்க வசதிப்படேல்லையோ?" என்று கேட்கிற சனத்துக்கு நடுவில், அந்தப் பொறுப்பு ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் மரியாதை தந்தது.

அதையும் நான் ஒருநாள் செய்யவில்லை. அதற்கு இப்போது பதினான்கு வருடங்கள். அச்சுவேலிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் திருவிழா. எங்கள் பாடகன் யோகன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஒரே சைக்கிளில் டியூசனுக்குப் போனவன். சவுண்ட் போட்டவர் ராசன் அண்ணை. அன்றைக்கு என் கையில் ஒரு புதுப் பேஸ் கிற்றார், கறுப்பு நிறம். வந்ததிலிருந்து அதைச் சுருதி சேர்ப்பதும் வந்தவன் போனவனுக்குக் காட்டுவதுமாக இருந்தேன். லேசாகத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. யோகன் மேடையேறும்போது, "மச்சான், பாத்திட்டியே?" என்று கேட்டான். நான் நிமிரக்கூட இல்லை. "ஓம், ஓம், பாத்திட்டன்" என்றேன். முதல் பாட்டின் இரண்டாவது வரியில் அவன் குரல் நின்றது. வரியை மறந்துவிட்டான் என்று நினைத்து நான் அதே சுற்றைத் திரும்ப வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவன் மைக்கோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். ராசன் அண்ணைதான் பாய்ந்துபோய் மெயின் பிளக்கைப் பிடுங்கினார். நான் பேஸைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

யோகன் பிழைத்தான். உதட்டில் கருகிய தழும்பு ஒன்றும், இன்றுவரை மரத்துப்போயிருக்கும் இரண்டு விரல்களும் மிச்சம். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "நீ தொட்டுப் பாத்தனியெல்லோ?" தொட்டேன், நல்லாத்தான் இருந்தது என்று சொன்னேன். தொட்டபோது நல்லாக இருந்ததென்றால், பிறகு யாரோ எதையோ மாற்றியிருக்க வேண்டும். அப்படி மாற்றக்கூடியவர் ஒருவர்தான். ராசன் அண்ணை, தான் ஒன்றையும் மாற்றவில்லை என்று சத்தியம் பண்ணினார், யாரும் நம்பவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். நாலைந்து வருடம் எங்கள் வலிகாமப் பகுதியில் எந்தக் கோயிலும் அவரைக் கூப்பிடவில்லை. யோகனின் உயிரைக் காப்பாற்றிய மனிதர், அவனைச் சாகடிக்கப் பார்த்தவர் என்று பேரெடுத்தார். நான் டென்மார்க் வந்து சேர்ந்தேன். சூடு கண்ட பூனை என்பார்கள். அன்றிலிருந்து நான் தொடாமல் விட்ட மைக் ஒன்றுமில்லை.

இங்கே அதற்கு வேலையும் இருந்தது, சிரிக்கலாம். மைக்கின் சத்தத்தைக் கூட்டப் பழைய ஜெர்மன் அம்ப் ஒன்று வாங்கினேன். ஜெர்மன் பிளக் இந்த நாட்டுச் சுவரில் அழகாகப் போய் இருந்துகொள்ளும், வேலையும் செய்யும். ஆனால் எர்த் மட்டும் சேராது. பயிற்சி அறையில் என் புறங்கை விறுவிறுத்தபோது நான் சத்தம் போட்டேன். மெட்டே சிரித்துக்கொண்டு, "இங்கே எல்லாம் பாதுகாப்பானது, இது டென்மார்க்" என்றாள். இரண்டு நாள் அவளைப் பாடவிடாமல் சண்டை பிடித்து வேறு பிளக் போடுவித்தேன். கடவுளுக்கு மிகவும் பயந்தவர் என்று அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.

போன ஆவணியில் ஊருக்குப் போனேன். யோகன் பலாலி வீதிச் சந்திவரை வந்து என்னைக் கூட்டிப்போனான். அவன் திரும்பவும் பாடத் தொடங்கிக் கனகாலம். "அதே அம்மன் கோயில், மச்சான். நீயும் வாசி" என்றான். மறுக்க வாய் வரவில்லை. கோயிலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, சவுண்டும் அதே ராசன் அண்ணைதான். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பவில்லை. "எப்ப வந்தனீர்?" என்று கேட்டார். முன்பெல்லாம் அவர் என்னை நீ என்றுதான் கூப்பிடுவார்.

பின்னேரம் ஐந்தேகால் மணி. ஐந்தரைக்கு நிகழ்ச்சி. கோயில் வீதி முழுக்க வெளிநாட்டிலிருப்பவர்களின் உபயத்தில் கல் பதித்திருந்தார்கள். அந்தக் கல்லின்மேல் தார்ப்பாய்ப் படங்கு ஒன்றை விரித்திருந்தார்கள், அதுதான் மேடை. பவுசர் வண்டி தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்ப் பத்து நிமிடம் ஆகவில்லை, படங்கின் கீழும் ஈரம். யோகனுக்கு வயர் மைக்தான் வேண்டும், வயரில்லாததில் நடுவில் பற்றரி போய்விடும் என்று பயம். நான் போய்ப் புறங்கையால் தொட்டேன். கை விறுவிறுத்து முழங்கை வரை ஏறியது. இன்னொருமுறை தொட்டேன், அதே மாதிரி. டெஸ்டரை வைத்தேன், அதன் சின்ன விளக்கும் எரிந்தது. மிக்சருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் எர்த் வயர் வெறுமனே சுருட்டிக் கிடந்தது. கல் பதித்த இடத்தில் எங்கே கம்பி அடிப்பது?

"ராசன் அண்ணை, மைக்கிலை கரண்ட் இருக்கு. டெஸ்டரும் எரியுது."

"டெஸ்டர் எல்லா அம்புக்கும் கொஞ்சம் எரியுந்தான். வெளிநாட்டிலையிருந்து வந்து எங்களுக்குக் கரண்ட் படிப்பிக்க வேண்டாம், தம்பி."

"படிப்பிக்கேல்லை அண்ணை. மதிலுக்கு அங்காலை தென்னையடியிலை மண் இருக்கு. வயரை இழுத்து அங்கை கம்பியை அடிப்பம்."

"அரை மணித்தியாலம் வேணும். கோயில் தலைவர் ரெண்டுதரம் வந்து கேட்டிட்டார், எப்ப துவங்குறியள் எண்டு." அவர் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். "அதோடை ஒண்டு கேக்கிறன். அண்டைக்கும் நீர்தானே தொட்டுப் பாத்தனீர்? தொட்டுப்போட்டு நல்லது எண்டனீர். பிறகு இவனுக்குக் கரண்ட் அடிச்சது. ராசன் வயரை மாத்திப்போட்டான் எண்டு ஊர் முழுக்கக் கதை. உம்மடை கை இண்டைக்குச் சொல்லுறதை நான் என்னத்துக்கு நம்பவேணும்?"

அன்றைக்கு என் கை நல்லதென்று சொல்லியும் கரண்ட் அடித்ததென்றால், அது இன்றைக்கும் பிழையாகச் சொல்லலாம். அவருடைய நியாயம் சரியான நியாயம். அதை நான்தான் அவருக்குச் செய்து கொடுத்திருந்தேன். யோகன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். "விடு மச்சான். அவர் சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு. சனம் வந்திட்டுது, நான் பாடுறன்." வெறுங்காலோடு படங்கில் ஏறி, மைக்குக்குக் கையை நீட்டினான்.

"தொடாதை!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அண்டைக்கு நான் தொட்டுப் பாக்கேல்லை."

யோகனின் கை பாதியில் நின்றது. "என்ன?"

"தொடேல்லை மச்சான். புதுப் பேஸோடை நிண்டிட்டன். நீ கேக்கப் பொய் சொன்னனான். ஆஸ்பத்திரியிலையும் அந்தப் பொய்யைத்தான் சொன்னனான். ராசன் அண்ணை ஒண்டையும் மாத்தேல்லை. தொட்டிருந்தால் எனக்கு அண்டைக்கே தெரிஞ்சிருக்கும்."

யோகன் தன் உதட்டுத் தழும்பை விரலால் தடவினான். அது அவனுக்குப் பழக்கம். ஆனால் அன்று நெடுநேரம் தடவினான். ராசன் அண்ணை ஸ்பீக்கர் பெட்டி ஒன்றின்மேல் மெல்ல இருந்தார். ஏசுவார், அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "பதினாலு வருசம்" என்றார். பிறகு எழும்பி, எர்த் கம்பியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போனார். நான் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். தென்னையடியில் அவர் கம்பியை அடிக்க, நான் வாளியால் தண்ணீர் ஊற்றினேன். தலைவர் வந்து, "என்னப்பா, இப்ப கிணறு தோண்டுறியளோ?" என்று சத்தம் போட்டார். நான் அடுத்த வாளியை ஊற்றினேன்.

திரும்பி வந்து டெஸ்டரை வைத்தால், எரியவில்லை. பழக்கதோஷத்தில் புறங்கையை நீட்டினேன்.

"புறங்கையாலை வேண்டாம்" என்றான் யோகன். "பொத்திப் பிடி."

பிடித்தேன். ஐந்து விரலும் மடித்து, உள்ளங்கை முழுக்க இரும்பில் படும்படி பிடித்தேன். பதினான்கு வருடங்களில் ஒரு மைக்கை நான் அப்படிப் பிடித்ததில்லை. என் வெறுங்கால்கள் ஈரத்தில் நின்றன. யோகன் மைக்கைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். கரண்ட் அடிக்கவில்லை. போதும் என்று கையை எடுக்கப் போனேன். அப்போது மிக்சரடியிலிருந்து ராசன் அண்ணையின் குரல் வந்தது.

"விடவேண்டாம். பிடிச்சபடியே ஊருக்கும் சொல்லும்."

அவர் மைக்கின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். பேஸ்காரன் மைக்கில் கதைப்பதில்லை. நான் கோஷ்டியில் இருந்த ஆறு வருடமும் மேடையில் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை. மூச்சை இழுத்தபோது அந்த மூச்சே நாலு பக்கமும் கேட்டது. "பதினாலு வருசத்துக்கு முந்தி இந்த மேடையிலை யோகனுக்குக் கரண்ட் அடிச்சது. அது ராசன் அண்ணையின்ரை பிழையில்லை. மைக்கைப் பாக்கவேண்டியவன் நான். பாக்காமலே பாத்தனெண்டு பொய் சொன்னனான்." வேம்பில் கட்டியிருந்த ஸ்பீக்கர் என் சொற்களை எனக்கே திருப்பிச் சொன்னது. கச்சான் கடலை விற்ற அம்மா கை ஓய்ந்து நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசையில் இருந்த வயதானவர்கள் சிலர் ராசன் அண்ணையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கைதட்டல் இல்லை, ஒரு கூச்சல் இல்லை. அத்தனை சனமும் மௌனமாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, யோகன் வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கும் வரைக்கும்.

அன்றைக்கு அவன் நன்றாகப் பாடினான். முதல் பாட்டில் நான் இரண்டு இடத்தில் பிசகினேன். ராசன் அண்ணை என் பேஸைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. முடிந்ததும் யோகன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். எப்போதும் "வாறன் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போகிறவன், சொல்லாமல் போனான். டென்மார்க்குக்குத் திரும்பி வந்தபின் நான் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகளைப் பார்த்திருக்கிறான், பதில் இல்லை. அவனைக் குறைசொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

போன கிழமை இங்கே எங்கள் குழுவுக்கு நிகழ்ச்சி. மெட்டே வழமைபோல அறிவித்தாள், பேஸ்காரர் மைக்கை ஆசீர்வதிப்பார் என்று. எழுந்து போனேன். மரத்தரை, காலில் தடித்த சப்பாத்து, பிளக்கும் இப்போது சரி. புறங்கையை நீட்டியவன் அதைத் திருப்பி, மைக்கைப் பொத்திப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன்: "இது ஆசீர்வாதம் இல்லை. ஒருநாள் நான் இதைச் செய்யவில்லை. செய்தேன் என்று பொய் சொன்னேன். என் நண்பன் சாகப் பார்த்தான், இன்னொருவர் பழி சுமந்தார்." மண்டபம் முழுக்கக் கைதட்டியது. சடங்கின் புதுப் பகுதி என்று நினைத்திருக்க வேண்டும். மெட்டே என் தோளைத் தட்டி, "மிக அழகு" என்றாள். நான் என் இடத்துக்குப் போய், பேஸின் நாலு நரம்பையும் உள்ளங்கையால் அமத்திப் பிடித்தபடி, அச்சுவேலியில் கிடைத்த அந்த மௌனம் இங்கேயும் வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கைதட்டல் ஓயவில்லை.