பேர் வராத பாட்டு

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு டீக்கடையில் ராக் பாட்டு போட்டேன். அங்கே நின்ற ஒருத்தர், கடித்த போண்டாவை அப்படியே தட்டில் வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். தலை குனிந்துவிட்டது.

ராக் பாட்டுக்கு இப்படி ஒரு மரியாதையை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இந்த வாரம், புதிதாக வந்த மூன்று இண்டி ராக் ஆல்பங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 'இண்டின்னா என்னப்பா?' என்று கேட்டு வந்த மெசேஜ்களுக்கு என் பதில் இதுதான்... பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல், சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தமாக கிட்டார் அடித்து, சொந்த மச்சானையே கெஞ்சிக் கேட்கவைத்தால் அது இண்டி. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட எனக்கே புரிந்துவிட்டது. உங்களுக்கென்ன?

முதல் ஆல்பம் பெங்களூர்ப் பையன்களுடையது. இங்கிலீஷ். அர்த்தம் எனக்கு அரைகுறைதான். ஆனால் பாட்டுக்குப் பாட்டு மழைச் சத்தம் வைத்திருக்கிறார்கள். புதுக்கோட்டைக்காரன் காதில் இத்தனை மழையைக் கொட்டினால் பொறாமை வருமா, ரசனை வருமா? கிட்டார் மட்டும் நல்ல கிட்டார். அதைச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும்.

இரண்டாவது, சென்னையில் ஒரு பொண்ணு தனியாகப் போட்டது. முழுக்க ரகசியக் குரல் — கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனர் தூங்குகிறார் போல. டிரம்ஸ் அடிப்பவர் நடுநடுவே டீ குடிக்கப் போய்விடுகிறார் என்று சந்தேகப்படுகிறேன். இவர்கள் பெயரெல்லாம் வேண்டாம். ரசிகர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் கோபக்காரர்கள்.

மூன்றாவது... மூன்றாவதுதான் போண்டா விவகாரம்.

ஆல்பத்தின் பெயர் 'சந்துமுனை'. பாடியது திருக்கோகர்ணத்துக் கருணா, என் கூட்டாளி. அவன் முகம் உங்களுக்குத் தெரியாது. ஆனால் புதுக்கோட்டை டவுனில் இருந்தால் குரல் தெரியும். ஆட்டோ மேல் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, 'இத்தெருவில் வசித்து வந்த...' என்று தெருத்தெருவாக ஒரு குரல் போகுமே — சாவு அறிவிப்பு? அது கருணாதான். விளம்பரக் கடையில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து கொடுப்பான். ஊரில் யார் போனாலும் அவன் வாயால் ஒரு தடவை போய்விட்டுத்தான் போகவேண்டும்.

அந்தக் குரல் தெருவில் திரும்பினால் என்ன நடக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? மிக்ஸி நிற்கும். டிவி ஊமையாகும். பேர் வரும்வரை ஒருத்தரும் மூச்சு விடமாட்டார்கள். பேர் வந்ததும்... 'நம்ம ஆள் இல்லை'. மிக்ஸி மறுபடி ஓடும்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒருத்தன் ராக் பாடலாமா? பாடினான். அதுவும் எப்படி? "பழைய சவுண்டு வேணும் மாப்ள" என்று அதே ஆட்டோ ஸ்பீக்கர் வழியாகப் பாடி, அதை மறுபடி மைக்கில் பிடித்திருக்கிறான். மூளையைப் பாருங்கள்!

கடைசிப் பாட்டின் பெயர் 'வசித்து வந்த'. ஸ்டார்ட்டிலேயே நிறுத்திவைத்த ஆட்டோ மாதிரி பேஸ் கிட்டார் மட்டும் முனகிக்கொண்டே இருக்கிறது. பிறகு அவன் குரல்: 'இத்தெருவில் வசித்து வந்த...' அதற்கப்புறம் தாளத்தில் நாலு தட்டுக்கு எதுவுமே இல்லை. பேர் இல்லை. கிட்டார் வருகிறது. திரும்பவும் அதே வரி. திரும்பவும் அந்தக் காலி இடம்.

முதல் தடவை பட்டப்பகலில், ஃபேனுக்கு அடியில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். காலி இடம் வந்தபோது திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். அந்த நாலு தட்டுக்குள் — சிரிக்காதீர்கள் — என் பேர் கேட்டது. இனிஷியலோடு.

ஹெட்போனைக் கழற்றி டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

மறுநாள் நான் வேலை பார்க்கும் மொபைல் கடைக்குக் கருணா வந்தான். முகம் சரியில்லை.

"என்னடா, ஆல்பம் போட்டவன் மாதிரியா இருக்க? ஒன்னையவே அறிவிச்சுட்டு வந்தவன் மாதிரி இருக்க" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "தங்கச்சி பிரசவத்துக்கு வந்துருக்குல்ல. பிள்ள அழுவுதேன்னு தூக்கிவச்சுப் பாடுனேன். வெடுக்குனு புடுங்கிருச்சு மாப்ள. 'பிள்ளைக்கிட்ட ஒன் வாயத் தொறக்காதண்ணே'ங்குது."

கடை ஸ்டூலை அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.

"ஊர்ல ஒரே ஒரு ஆளு இதப் பாட்டாக் கேட்டாப் போதும். இல்லேன்னா அந்தக் கடேசிப் பாட்ட அழிச்சுர்றேன். பாடுறதையும் விட்டுர்றேன்" என்றான்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை செல்வி அக்கா டீக்கடை. யாரிடமும் சொல்லவில்லை. ப்ளூடூத் ஸ்பீக்கரை பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, நேராகக் கடைசிப் பாட்டைத் தட்டிவிட்டேன். கருணா கொஞ்சம் தள்ளி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான்.

'இத்தெருவில் வசித்து வந்த...'

போண்டா தட்டுக்குப் போனது. துண்டு கைக்கு வந்தது. பைக்கில் போனவர் வண்டியை ஆஃப் பண்ணி, ஒரு காலை ஊன்றி நின்றார். எதிர்வீட்டு வாசலில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நாலு தட்டு. பேர் வரவில்லை.

"ஏப்பா, யாருப்பா?" என்றார் துண்டுக்காரர்.

"பாட்டுண்ணே."

"பாட்டு கெடக்கட்டும். போனது யாரு?"

"யாரும் போகலண்ணே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாரும் போகலன்னா அவன் எதுக்குய்யா இப்புடி வந்து வந்து நிக்கிறான்?"

திரும்பினால்... பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருக்கிறது. செல்வி அக்கா அதைப் பார்க்கவே இல்லை. ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன ஆடியில் அக்காவின் வீட்டுக்காரர் தவறியபோது இந்தத் தெருவுக்குள் வந்ததும் இதே குரல்தான்.

பாட்டு முடிந்தது. ஒருத்தர்கூட அசையவில்லை. கருணா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்தான். போனை எடுத்தான். "அழிச்சுர்றேன் மாப்ள."

குரலைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்தார்.

"நீதானா தம்பி அது?"

"ஆமாக்கா. மன்னிச்சுருங்க."

"அன்னைக்கி எங்க வீட்டுக்காரரு பேரச் சொன்னது?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அக்கா அடுப்பை அணைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். "அந்தப் பாட்ட இன்னொருக்காப் போடு."

"வேணாங்க்கா..."

"போடுறாங்குறேன். அன்னைக்கி பேரு வந்துருச்சு. இதுல வரலைல? கடேசி வரைக்கும் வராமயே முடியுதுல்ல? போடு."

போட்டேன். ஒவ்வொரு காலி இடத்திலும் அக்கா மூச்சைப் பிடித்தார். கிட்டார் வந்ததும் விட்டார். மூச்சைப் பிடித்தார், விட்டார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாட்டு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பசியோட பாடுன மாதிரி இருக்கு. போண்டா எடுத்துக்க" என்றார்.

கருணா போனைச் சட்டைப் பையில் போட்டான். பாட்டு இருக்கிறது. போண்டாவும் தின்றான். தங்கச்சி இன்னும் பிள்ளையைத் தரவில்லை. ஆனால் அவன் பாடும்போது கதவைச் சாத்துவதில்லையாம்.

ஆக, என் தீர்ப்பு: மழை ஆல்பத்தை வெயிலில் கேளுங்கள். ரகசியக் குரலைத் தூக்கம் வராதபோது கேளுங்கள். 'சந்துமுனை'யை நாலு பேரோடு சேர்ந்து கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் நம் வாசல் வரை வந்து, நம்மை விட்டுவிட்டுப் போகிற பாட்டை வேறு யார் போட்டிருக்கிறார்கள்?

நேற்றுக் காலை எங்கள் தெருவில் ஆட்டோ திரும்பியது. 'இத்தெருவில் வசித்து வந்த...' என் விரல் தன்னாலே மேஜையில் நாலு தட்டு தட்டியது. பேர் வந்தது. வேறு யாரோ.

கருணாவைப் பிடித்துக் கேட்டுவிட்டேன் — அந்தக் காலி இடத்தில் ஏதாவது பதிவு செய்து வைத்திருக்கிறாயா என்று. "சத்தியமா ஒண்ணுமில்ல மாப்ள" என்கிறான்.

இருந்தாலும், ஹெட்போனில் மட்டும் கேட்காதீர்கள்... பேர் ரொம்பப் பக்கத்தில் கேட்கிறது.