பெரும்பாறை ஓடையில் ஒரு மெக்சிகோ டாக்டர்

எழுபதுகளின் நடுப்பகுதி, அடைமழைக் காலம். பெரும்பாறைக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் நிறுக்கும் வேலையில் இருந்தேன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரண்டு நாட்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. என் மனைவிக்கு ஏழாவது மாதம்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மழைக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். எங்கள் வரிசை வீடுகளில் இன்னும் சிலர் அப்படித்தான் படுத்துக் கிடந்தார்கள். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கீழே கடையில் கேப்சூல் வாங்கிப் போடுவது எங்களுக்குப் பழக்கம். ஒன்றோ இரண்டோ போட்டதும் உடம்பு லேசானால் அத்தோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். அவளும் அப்படித்தான் போட்டாள். காய்ச்சல் குறையவில்லை. நாக்கு வறண்டு, கண் குழிந்து, கூப்பிட்டால் வேறு யாரையோ பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகுதான் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே கன்னியாஸ்திரீ ஒருவர் டாக்டராக இருந்தார். எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பார்த்ததும் டைபாய்டு என்று சொல்லிவிட்டார். டைபாய்டுக்கு அந்தக் காலத்தில் கைகண்ட மருந்து ஒன்றுதான். நாங்கள் கடையில் வாங்கிய கேப்சூலும் அதுதானாம். அதையே முறையாக, முழு அளவில் கொடுத்தார். ஒரு வாரம் போயும் காய்ச்சல் இறங்கவில்லை. அவள் பிதற்றலில் இலங்கையில் இருந்த வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் என்னை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார்: "இந்த மருந்துக்கு இவங்க கிருமி மசியலை. இது கேக்கலைன்னு நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. வேற மருந்து இருக்கு. ஆனா எது கேக்கும்னு தெரியாம கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துப் பார்க்க இவங்க உடம்புல தெம்பு இல்லை. வயித்துல பிள்ளை வேற."

"அப்ப என்ன செய்யிறது சிஸ்டர்?"

"மதுரைப் பெரியாஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டரம்மா இருக்காங்க. கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குச் சாகுதுன்னு பார்க்கிற சோதனைச்சாலை அவங்களோடது. வெளிநாட்டு ஆட்களோட சேர்ந்து இதே ஆராய்ச்சிதான் பண்றாங்க. ரத்தம் எடுத்துத் தர்றேன். நீங்க கொண்டு போகணும்."

ரசம் போல ஒரு திரவம் இருந்த கண்ணாடிப் புட்டியில் என் மனைவியின் இரத்தத்தை ஏற்றி, மூடி ஒட்டிக் கையில் கொடுத்தார். "குளிர விடாதீங்க. அடுப்புச் சூடும் ஆகாது. உங்க உடம்புச் சூடு போதும்" என்றார். புட்டியைத் துண்டில் சுற்றி, ஸ்வெட்டருக்குள்ளே வயிற்றோடு கட்டிக்கொண்டேன். மனைவியின் அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு, மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினேன்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். மழையில் மண் சரிந்து பாதை அடைத்துக் கிடந்தது. மறு பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மற்றவர்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் இறங்கி, முழங்கால் வரைக்கும் சேற்றில் புதைந்து சரிவைக் கடந்தேன். ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டும் மறு கையால் வயிற்றை அணைத்துக்கொண்டும் போனது மட்டும் இன்றும் நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் ஆரஞ்சு ஏற்றிய லாரி ஒன்று மீதிச் சரக்குக்கு மேலே போக வழியில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது.

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னண்ணே, வயித்துவலியா? இந்தப் பிடி பிடிச்சிருக்கீக?"

"எம் பொஞ்சாதி ரத்தம்ணே. மதுரைக்குக் கொண்டு போறேன். இதை வச்சுத்தான் மருந்து சொல்லுவாகளாம்."

அவர் கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்க, வெரசாப் போயிருவோம்" என்றார். வத்தலக்குண்டில் இறக்கிவிட வேண்டிய ஆள், நேராக மதுரைக்கே ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டார். அவர் சரக்கு எங்கே போக வேண்டியதோ எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நல்லாக் கொண்டு வந்திருக்கீங்க. கிருமி வளரணும். அதை அவசரப்படுத்த முடியாது. ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்டார். இங்கேயே இருக்கிறேன் என்றேன். மருந்து தெரிந்ததும் கையோடு வாங்கிக்கொண்டு ஓட வேண்டுமே.

வராந்தாவில் காத்துக் கிடந்தேன். உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் போவதும் வருவதுமாக இருந்தார். நம்மைப் போலவே மாநிறம், கறுத்த மீசை, சுருட்டை முடி. திண்டுக்கல் பக்கத்து ஆள் என்று நினைத்து, "சார், எம் பொஞ்சாதி ரத்தம் என்னாச்சுங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கையை விரித்தார். தமிழ் தெரியவில்லை. அப்புறம்தான் டாக்டரம்மா சொன்னார், அவர் மெக்சிகோ நாட்டு டாக்டராம். அப்படி ஒரு நாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. பல நாட்டுச் சோதனைச்சாலைகள் சேர்ந்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை ஒருவருக்கொருவர் அனுப்பி, ஒரே முறையில் சோதித்து, கண்டதை உடனுக்குடன் சொல்லிக்கொள்கிறார்களாம். அந்த வேலையாகத்தான் அவர் மதுரைக்கு வந்திருந்தார்.

கடைசியில் ஒரு காலை டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு கண்ணாடித் தட்டு. அதில் பாலாடை படிந்ததுபோல மங்கலாக ஏதோ பரவியிருந்தது. அதன் மேல் பொட்டு அளவுக்குச் சின்னச் சின்னக் காகித வில்லைகள்.

"இந்த ஏடு மாதிரி இருக்கே, இதுதான் உங்க சம்சாரத்து ரத்தத்துல இருந்த கிருமி. ஒவ்வொரு வில்லையிலயும் ஒவ்வொரு மருந்து இருக்கு. இதைப் பாருங்க, இதுதான் நீங்க கடையில வாங்கின மருந்து."

குனிந்து பார்த்தேன். கிருமி அந்த வில்லையின் விளிம்பு வரைக்கும் வளர்ந்து, அதை ஒட்டி உரசிக்கொண்டு கிடந்தது. மருந்து அங்கே இருப்பதாகவே அதற்குத் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, மனுசன் செய்த மருந்தை மதிக்காமல் நிற்கிறது. அதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

"இப்ப இதைப் பாருங்க" என்று இன்னொரு வில்லையைக் காட்டினார். அதைச் சுற்றி, பால் துடைத்த பாத்திரம்போலப் பளிச்சென்று ஒரு வட்டம். கிருமி அந்த எல்லைக்கு வெளியே நின்றுவிட்டிருந்தது.

பக்கத்தில் நின்ற மெக்சிகோ டாக்டர் அளவுகோல் வைத்து அந்த வட்டத்தை அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது.

"பயப்படாதீங்க, நல்ல சேதிதான்" என்றார் டாக்டரம்மா. "சில வருசத்துக்கு முன்னாடி அவங்க நாட்டுல இதே மாதிரி டைபாய்டு வந்து ஊர் ஊரா அடிச்சிருக்கு. இதே மருந்து அங்கேயும் கேக்கலை. ரொம்பப் பேரை இழந்த பிறகுதான், இந்த இன்னொரு மருந்து கேக்கும்னு கண்டுபிடிச்சாங்க. எவ்வளவு குடுக்கணும், எத்தனை நாள் குடுக்கணும், கர்ப்பிணிக்குக் குடுக்கலாமா, எல்லாமே அவங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. அதைத்தான் இப்ப உங்களுக்கு எழுதித் தர்றோம்."

அங்கிருந்த கிருமிதான் கப்பலேறி இங்கே வந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம். லண்டனில் இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் இதுவரை நம் பக்கத்தில் கிடைத்தவை வேறு வகைதான் என்றார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. ஒன்றை ஒன்று பார்க்காமலேயே மருந்தை ஏமாற்றும் ஒரே வித்தையைக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

மருந்தோடு மலைக்குத் திரும்பினேன். சிஸ்டர் ஊசி போட ஆரம்பித்தார். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து வந்த நாட்களில் காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. ஒரு மத்தியானம் என் மனைவி கண் திறந்து, என்னைத்தான் பார்த்தாள். "என்னாங்க, கொஞ்சம் பாணும் பிளேன்டீயும் கிடைக்குமா?" என்றாள். ரொட்டிக்கும் பால் விடாத தேநீருக்கும் இலங்கையில் நாங்கள் சொல்கிற பேர் அது. அவள் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நான் டீக்கடைக்கு ஓடினேன்.

காய்ச்சல் விட்டதும் ஊசி போதும் என்று அவள் அடம்பிடித்தாள். சிஸ்டர் விடவில்லை. "உங்க கிருமி பாதி செத்துக் கெடக்கு. மீதி, மருந்தை எப்படி ஜெயிக்கிறதுன்னு பாடம் படிச்சுக்கிட்டு இருக்கு. முழுசா முடிக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரமே மதுரையிலிருந்து ஒரு ஜீப் வந்தது. டாக்டரம்மா, மெக்சிகோ டாக்டர், அவர்களோடு வயதான ஒரு இங்கிலாந்து அம்மா. கிருமி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் வரிசை வீடுகளுக்குக் கீழே ஓடுகிற சாக்கடையும் ஓடையும் சேருகிற இடத்துக்கு அழைத்துப் போனேன். அந்தப் பக்கம் நாங்களே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவோம். அந்த வெள்ளைக்கார அம்மா பாவாடையைச் சொருகிக்கொண்டு சேற்றில் மண்டியிட்டார். மெக்சிகோ டாக்டரும் மண்டியிட்டார். புண்ணுக்குக் கட்டுகிற வலைத்துணியைச் சுருட்டி நூலில் கட்டி, ஓடும் தண்ணீரில் அங்கங்கே தொங்கவிட்டார்கள். தண்ணீரில் கிருமி இருந்தால் சில நாளில் அதில் சிக்குமாம். வேலைக்குப் போன ஆட்களெல்லாம் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இவுகளுக்கு என்னத்துக்கு இந்தச் சோலி? எங்கேயோ பெறந்தவுக, நம்ம சாக்கடையில கைய விட்டுக்கிட்டுக் கெடக்காக" என்று எங்கள் கங்காணி முணுமுணுத்தார். கேலியாக ஆரம்பித்தவர், சொல்லி முடிக்கும்போது தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

துணியில் கிருமி சிக்கியது. லண்டனுக்கு அனுப்பி ஒப்பிட்டதில், என் மனைவியின் இரத்தத்தில் இருந்ததும் ஓடையில் கிடைத்ததும் ஒன்றுதான் என்று பிறகு சொன்னார்கள். குடிதண்ணீர்க் குழாய் உடைந்த இடத்தில் சாக்கடை கலந்திருந்தது. தோட்டத்தில் குழாயை மேலே மாற்றிப் போட்டார்கள். படுத்திருந்த மற்றவர்களுக்கும் அதே மருந்து கிடைத்தது. எங்கள் வரிசையில் யாரையும் நாங்கள் இழக்கவில்லை.

ஆனால் எனக்கு மறக்கவே முடியாதது, அன்று ஓடையிலிருந்து திரும்பிய பிறகு ஆஸ்பத்திரியில் நடந்தது. கைகால் கழுவிவிட்டு மெக்சிகோ டாக்டர் என் மனைவியின் கட்டிலருகே வந்தார். டாக்டரம்மாவிடம் ஏதோ தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உனக்குச் சம்மதம்னா, பிள்ளையோட நெஞ்சுத் துடிப்பை ஒரு தடவை கேக்கலாமான்னு கேக்கிறார்" என்றார் டாக்டரம்மா.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு, "கேக்கச் சொல்லுங்க" என்றாள்.

சிஸ்டர் தன் மரக்குழலைக் கொடுத்தார். அவர் அதை அவள் வயிற்றில் வைத்துக் குனிந்து காது கொடுத்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது மீசை நனைந்திருந்தது.

"அவுகளுக்கு ஊர்ல யாரு இருக்காக?" என்று என் மனைவி கேட்டாள்.

டாக்டரம்மா கேட்டுச் சொன்னார். ஒரு தங்கை இருந்தாளாம். அந்தக் காய்ச்சல் வருசத்தில் அவர் வேலை பார்த்த வார்டிலேயே அவளையும் சேர்த்திருந்தார்கள். எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்தபோது அவள் இல்லை. "அவ படுக்கைக்குப் பக்கத்துல இருந்து எழுதி வச்சது எல்லாத்தையும், யார் கேட்டாலும் குடுத்தேன். அது யாருக்காவது போய்ச் சேர்ந்ததான்னு இதுவரைக்கும் எனக்குத் தெரியாது. இன்னைக்குத்தான் காதால கேட்டேங்கிறார்."

என் மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அந்நிய ஆண்பிள்ளையின் கையை அவள் தொட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். பெரிய கோயில் ஒன்றில் கதவு திறந்த நேரத்தில் நிற்பதுபோல இருந்தது.

மார்கழியில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். டாக்டரம்மா மூலமாக அவருக்குச் சேதி சொன்னோம். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஒருமுறை மதுரையில் டாக்டரம்மாவைப் பார்த்தபோது, என் மனைவியைக் காப்பாற்றிய அந்த மருந்துக்கும் இப்போது சில கிருமிகள் அடங்குவதில்லை என்றார். அந்தப் பளிச்சென்ற வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறதாம். "அடுத்த மருந்தைத் தேடி, பல நாட்டிலயும் மறுபடி தட்டு முன்னாடி உட்கார்ந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, வேலை இருக்கிறதென்று உள்ளே போய்விட்டார்.

என் மகள் இப்போது வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். அவள் சிரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், உலகத்தின் மறு கோடியில் தன் துக்கத்தைப் பூட்டி வைக்காமல் முகம் தெரியாத எல்லாருக்கும் மருந்தாகக் கொடுத்த ஒரு அண்ணனை நினைத்து, என்னை அறியாமல் கை கூப்பிவிடுகிறேன்.