கட்டத்துக்குள் விழாத பெயர்கள்

அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டிய மாதம் அது. எனக்கு வேலை நிரந்தரமானால் மைசூரிலேயே வாடகை வீடு; இல்லையென்றால் சேலத்தில் பெரியப்பா வீட்டு மாடி. எனக்குச் சேலம் பிடிக்காது. பெரியப்பா வீடு அதைவிடப் பிடிக்காது.

மண்டி மொஹல்லாவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் ஆபரேட்டர். நஞ்சன்கூடு தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் விவரங்களை டேட்டாபேஸில் ஏற்றி, கட்டம் போட்டு அச்சடித்த படிவங்களில் ப்ரின்ட் எடுத்துக் கொடுக்கவேண்டும். “இதை ஒழுங்கா முடிச்சுக் குடும்மா, உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேன்” என்றார் முதலாளி.

முதல் படிவத்தில் எல்லாம் சரியாக விழுந்தது. அடுத்ததில் ஒரு வரி கீழே, அதற்கடுத்ததில் இரண்டு வரி. கொஞ்ச நேரத்தில் தொழிலாளியின் பெயர் அவன் தகப்பன் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்தது. இது தெரிந்த வியாதிதான். ப்ரோக்ராமில் பக்க நீளம் ஒரு வரி கூடுதலாக இருந்தது, குறைத்தேன். அதன்பிறகும் ஒரு பெயர் கோட்டுக்கு மேலே, ஒன்று கோட்டின்மேலேயே, ஒன்று கீழே. தப்பு ஒரே பக்கமாக நடந்தாலாவது பிடித்துவிடலாம். சனியன், அதற்கு ஒரு ஒழுங்கே இல்லை.

ஆயுத பூஜைக்கு ப்ரின்டரில் அப்பிய சந்தனம் பல்சக்கரத்தில் காய்ந்திருக்குமோ என்று ஊசியால் சுரண்டினேன். “பூஜை பண்ணின மெஷினை ஏம்மா சொரண்டறே?” என்று முதலாளி பதறினார். சந்தனம் போனது, கோணல் போகவில்லை.

வெறுத்துப்போய் இரண்டு வெற்றுப் படிவங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ப்ரின்டர் பிடித்து இழுக்கும் ஓரத்துத் துளைகள் பொருந்தின. கட்டங்கள் பொருந்தவில்லை.

படிவம் அடித்தது முதலாளியின் மச்சினன் அச்சகம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடம். வெறும் தொடர்தாளை வாங்கி, பத்திரிகை அடிக்கிற மிதி இயந்திரத்திலேயே ஒவ்வொரு மடிப்பாகக் கையால் வைத்து, கண் மதிப்பில் அடித்திருக்கிறார்கள். எந்த இரண்டு படிவமும் ஒன்றாக இல்லை. எந்த ப்ரோக்ராம் எழுதினாலும் பொருந்தப்போவதில்லை என்று புரிந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

முதலாளியிடம் காட்டினேன். அவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “புரியுதும்மா. ஆனா அவனை நான் ஒண்ணும் சொல்ல முடியாது, வீட்ல ரகளை ஆயிடும். நீயே ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

ஒவ்வொரு தாளுக்கும் ப்ரின்டரின் குமிழைக் கையால் திருகித் திருகி அடித்தேன். அப்படியும் பாதி கோணலாகத்தான் வந்தது. தொழிற்சாலை அதிகாரி படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்துவிட்டார். என்னை வைத்துக்கொண்டே முதலாளி சொன்னார்: “புது ஹுடுகி சார், சின்னப் பொண்ணு. இன்னும் கை பழகல. வேற ஆளைப் போட்டுடறேன்.”

“சரியா விழுந்துதாம்மா?” என்று தினமும் கேட்கும் அப்பா, அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்போ தப்பு உன் மேல இல்லை?”

“இல்லைப்பா.”

“அது அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அப்பா எழுந்தார். பரணிலிருந்து கயிற்றை எடுத்துவரச் சொன்னார், சாமான் கட்ட.