சரிவில் உருண்ட டாக்டர்

எஸ்டேட் டாக்டர் ஒல்லியானவர். காலிழந்தவர்களுக்குத் தாம் செய்த மரக்காலைக் கொடுக்குமுன், தம் முழங்காலை மடக்கித் தாமே கட்டிக்கொண்டு நடப்பார்.

நாகலூரில் நான் பார்த்த அன்று, காலிழந்த ஒரு பெண்ணுக்காகக் காப்பித் தோட்டச் சரிவில் சோதனை. பழம் பறிக்க இரண்டு கையும் வேண்டும், கோல் ஊன்ற முடியாது. நிற்க முடியாவிட்டால் அவளுக்கு வேலையும் இல்லை, எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் இல்லை.

அவளுடைய மரக்காலைக் கட்டிக்கொண்டு ஏறிய டாக்டர் ஈரச் சருகில் வழுக்கி உருண்டார்.

“ஏனுங்க, நீங்க உளுந்தா யாருங்க கட்டுப் போடறது?” என்றாள் அவள்.

“நானே உளுந்துட்டனே, இனி நீ உளுவமாட்டே கண்ணு!”

மரக்காலின் அடியில் மோட்டார் டயர்த் துண்டை ஆணியடித்து அவளுக்குக் கட்டினார். அவள் சரிவில் ஏறினாள், கோலை விட்டாள், ஒரு கையால் கிளையை வளைத்து, மறு கையால் பறித்தாள்.

“நாளைக்கு வேலைக்கு வந்துரு,” என்றார் பார்த்துக்கொண்டிருந்த, ஆள் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர்.

அவள் வாய் திறக்குமுன்பே டாக்டர் மகிழ்ந்து கூவிவிட்டார். உடம்பெல்லாம் சேறாக, அவ்வளவு சந்தோஷப்பட்ட வைத்தியரை நான் பிறகு கண்டதில்லை.