அக்காவின் வேலை மாறிய நாள்

அக்காவைப் பற்றி எழுத, அவருடன் வேலை செய்த படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய, அவருடைய ஒரே தங்கையான நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் முன்னால் பேச வராது, அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். அம்மா கொழுந்து பறித்து எங்கள் இருவரையும் வளர்த்தார். அக்கா உயர்தரப் பரீட்சை முடித்து, கண்டியில் கணினி படித்து, அங்கேயே ஒரு கம்பனியில் சேர்ந்தார். டொக்டரைப் பார்க்க போனிலேயே நம்பர் எடுக்கும் செயலியை நடத்தும் கம்பனி அது. எடுக்கத் தெரியாமல் கூப்பிடுகிறவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் வழி சொல்வது அக்காவின் வேலை. ஆறு வருடம் அதைச் செய்தார். பிறகு அந்தத் திரைகளையே வடிவமைக்கும் வேலைக்கு மாறி, கடைசிவரை அதில் சந்தோஷமாக இருந்தார். கம்பளையில் வீடு கட்டி அம்மாவை அழைத்து வந்தார். மூன்று மாத நோயிலும், வலி குறைந்த நாட்களில் தாதிமாரோடு சிரித்துப் பேசினார். அமைதியாகவே கண்மூடினார்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த மாமாவுக்கும் அத்தைக்கும், பந்தல் போட்ட அயலவர்களுக்கும், தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்த உறவுகளுக்கும், அலுவலக நண்பர்களுக்கும் அம்மாவும் நானும் நன்றி சொல்கிறோம்.

இனி, நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: அக்காவின் வேலை மாறிய விதம்.

கூப்பிடுகிறவர்கள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று அக்கா ஒரு கொப்பியில் எழுதி வந்தார். முக்கால்வாசிப் பேர் அதே மூன்று இடத்தில்தான்.

"ஆளுங்க மக்கு இல்ல சேர், திரைதான் கொழப்புது. அத மாத்துற வேலய எனக்குத் தாங்க" என்று முகாமையாளரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அவர், "இதப் பாத்தே இல்லாத ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க மிஸ். எங்க முன்னால நம்பர் எடுக்கட்டும். முடியலன்னா அந்த வேல உங்களுக்கு" என்றார்.

அக்கா என்னைக் கூப்பிட்டார். "யார்கிட்டயும் கேட்டு வச்சுக்காதடி. தெரியலன்னா தெரியலன்னு உக்காரு, போதும்."

எனக்கு மனம் கேட்கவில்லை. பெரியவர்கள் முன்னால் நான் முழித்தால் அக்காவுக்கு அவமானம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டாரின் போனை வாங்கி ஒரு கிழமை, ஏழு நாளும், இரகசியமாகப் பழகினேன். சொன்ன நாளில் முகாமையாளர் முன்னால் ஓர் இடத்திலும் நிற்காமல் நம்பர் எடுத்துக் காட்டினேன்.

"பாத்தீங்களா மிஸ், தங்கச்சிக்கே லேசா வருது" என்றார் முகாமையாளர்.

அக்கா கொப்பியை மூடினார். அப்போதுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது.

எழுந்து நின்றேன். "சேர், நான் வீட்டுல பழகிட்டு வந்தேன்."

"எத்தன நாள்?"

"ஒரு கிழம. மொத நாலு நாளும் வரவே இல்ல. அழுதுட்டேன் சேர்."

"ஒரு நம்பர் எடுக்க ஒரு கிழமயா? அதுக்குள்ள காய்ச்சலே விட்டுருமே!" என்று பக்கத்திலிருந்த இன்னோர் அதிகாரி சிரித்தார். முகாமையாளர் சிரிக்கவில்லை. அக்காவிடம் கொப்பியை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா என் தோளில் இடித்தார். "பாஸ் பண்ணவாடி உன்னக் கூட்டிட்டுப் போனேன்?" பேராதனை வரை இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

மறுநாள், அக்கா ஆறு வருடம் வழி சொன்ன அலுவலகத் தொலைபேசியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.