மணிக்கூண்டு எந்தப் பக்கம்?

வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையில், பனியனில் ஒரு நூல் பிரிந்தாலும் சரக்கு வாங்கும் பையரின் போன் முதலில் நமக்குத்தான் வரும். திருப்பூரில் இதே வேலை பார்க்கும் அன்பர்களுக்கு என் கதை புதிதாக இருக்காது. ஆனாலும் சொல்கிறேன், மனசு ஆறும்.

ஐரோப்பாவில் வாயில் நுழையாத பெயருள்ள ஓர் ஊர். அதன் நடுவே பல நூறு வருஷத்துப் பழைய சதுக்கம். அங்கே நடக்கும் திருவிழாவுக்காக, அந்தச் சதுக்கத்தின் படத்தையே நெஞ்சில் அச்சடித்துப் பன்னிரண்டாயிரம் டீ-சர்ட் அனுப்பியிருந்தோம். சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, பெட்டி இன்னும் பிரிக்கவில்லை. அடுத்த சீசன் ஆர்டர் பேச முதலாளியும் நானும் போனோம். திங்கட்கிழமை மீட்டிங். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குச் சதுக்கத்தில் சந்திப்பதாக பையர் மார்த்தா அம்மா சொல்லியிருந்தார். பையர் வரச் சொன்னால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் நிற்பதுதானே நம் வழக்கம்? நின்றோம்.

கை சும்மா இருக்காது

ஊரே அண்ணாந்து கட்டடங்களைப் பார்த்தது. நாங்கள் இருவரும் ஊராரின் டீ-சர்ட்டுகளைப் பார்த்தோம். காபி வண்டி வரிசையில் முன்னால் நின்றவரின் பனியன் ஓரத்தை முதலாளி இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து, “நூத்தியெம்பது ஜிஎஸ்எம்” என்று துணியின் கனத்தை எனக்கு அறிவித்தார். நம்மூரில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த மனிதர் சடாரென்று திரும்பினார். எனக்கு உயிரே போய்விட்டது. “நாங்கள் பனியன் தைக்கிற ஊர்க்காரர்கள், மன்னித்துவிடுங்கள்” என்று ஆங்கிலத்தில் குழறினேன். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தையல் சரியாக இருக்கிறதா? நேற்றுதான் வாங்கினேன். சரியில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.”

சுவரில் ஓர் இரும்புப் பட்டை

நகர மன்றத்தின் சுவரில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓர் இரும்புப் பட்டை பதித்திருந்தார்கள். அந்தக் காலத்தில் இந்தச் சதுக்கத்துக்குத் துணி விற்க வந்த வியாபாரிகள் அதை வைத்துத்தான் அளந்து காட்ட வேண்டுமாம், பக்கத்துப் பலகையில் எழுதியிருந்தது. முதலாளி பாக்கெட்டிலிருந்து இஞ்ச் டேப்பை உருவினார். சாமி கும்பிடப் போனாலும் அந்த டேப் அவரோடுதான் போகும். இரண்டு தரம் அளந்தார். பிறகு பெருமூச்சு விட்டார்: “அந்தக் காலத்துலயே தரம் பாக்கற க்யூசி வெச்சிருக்கறாங்க பாரு கண்ணு. இவிங்க நம்மள இந்தப் பாடு படுத்தறது இப்ப ஆரம்பிச்சதில்ல.”

வலமா, இடமா?

அப்புறம்தான் சதுக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். நடுவில் மணிக்கூண்டு. அதற்கு இடப்பக்கம் நீரூற்று. எனக்குள் ஏதோ இடித்தது. பேக்கிங் அன்று எடுத்த படத்தைப் போனில் திறந்தேன். எங்கள் டீ-சர்ட்டில் நீரூற்று வலப்பக்கம்!

பிரிண்டிங்கில் பிலிமை மாற்றி வைத்தால் படம் அப்படியே இடவலமாகத் திரும்பிவிடும். பன்னிரண்டாயிரம் பீஸும் திரும்பியிருந்தால்? அந்த ஊர்க்காரன் தன் ஊரையே கண்ணாடியில் பார்த்த மாதிரி போட்டுக்கொண்டு திரிவானா? எங்களுக்கு மிஞ்சியிருந்த பெரிய பையர் மார்த்தா அம்மா ஒருவர்தான். அவரும் போனால் யூனிட்டில் இருக்கும் நூறு பேருக்கும் வேலை இல்லை, எனக்கு முதலில் இல்லை. மார்த்தா அம்மா அனுப்பிய மூலப் படம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டு. நான்கு மாதம் தினமும் பார்த்த படம்தான், ஆனால் எது எந்தப் பக்கம் இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

பிரிண்டிங் மாஸ்டர் சேவியர் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். திருநெல்வேலிக்காரர், அனுபவஸ்தர். விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். அவர் சொன்னார்: “பிலிம நான் மாத்தி வைக்கவே இல்ல மேடம். ஆனா நீங்க கேக்குத கேள்வியப் பாத்தா, வச்சிருப்பேனோன்னு எனக்கே பயமா இருக்கு.”

மூன்று மணி

முதலாளியிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “முருகா” என்று கண்ணை மூடித் திறந்தார். “நடந்தது நடந்துபோச்சு. அந்தம்மா பெட்டியப் பிரிச்சுப் பாத்துக் கேக்கறதுக்குள்ள நாமளே சொல்லிப்போடலாம் கண்ணு” என்றார்.

மார்த்தா அம்மா வந்ததும், வணக்கம்கூடச் சரியாகச் சொல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். போனில் படத்தையும் காட்டினேன். அவர் அதை உற்றுப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சதுக்கத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் நடந்தார். முதலாளி பின்னாலேயே ஓடிவந்தார். ஒரு ரொட்டிக்கடை வாசலில் நிறுத்தி, என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

நடுவில் மணிக்கூண்டு. வலப்பக்கம் நீரூற்று. எங்கள் டீ-சர்ட் அப்படியே!

நான் அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். முதலாளி அங்கிருந்தே மணிக்கூண்டைப் பார்த்துக் கும்பிட்டார். மார்த்தா அம்மா ரொட்டிக்கடைக்கு மேலே இருந்த ஜன்னலைக் காட்டினார்: “சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் நின்றுதான் பார்ப்பார்கள். ஆனால் படம் வரைந்தது நான், என் வீடு இந்தப் பக்கம்.”

ஒரு சதுக்கத்தைப் பன்னிரண்டாயிரம் முறை அச்சடித்தவளுக்கு, நேரில் போய் நின்றபோது அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான், அன்பர்களே, நம் தொழிலின் லட்சணம்.